கொஞ்சம் நடந்து காட்டுங்க

எங்கள் சந்தியில் நின்ற பொலிஸ் சார்ஜன் யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைத்து நான் கண்டதில்லை. வணக்கம் சொன்னால் உங்கள் முழங்காலுக்குத் திருப்பி வணக்கம் சொல்லுவார். தேத்தண்ணி கொடுத்தால் உங்கள் செருப்புக்கு நன்றி சொல்லுவார். முதலில் அதை வெட்கம் என்று நினைத்தேன். பிறகு திமிர் என்று நினைத்தேன். அந்த மனிதருக்கு எங்கள் முகங்களில் அக்கறையே இல்லை என்பது தெரியவர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நான் எதையும் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கிக்கொள்பவன்.

"முகத்த யாரு வேணும்னாலும் செஞ்சுக்கலாங்க," என்பார். "நடைய செய்ய முடியாது. செஞ்சாலும் கொஞ்ச தூரம்தான். அப்புறம் அது தானா வந்துடும்."

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவரைக் கொன்றவர்களும் பெயருக்காகக் கொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு தேர்தல் வேட்பாளரைச் சுட்டுப் போட்டார்கள். சுட்டவனின் முகத்தை ஒருவரும் காணவில்லை. இவர் ஒருவர் மட்டும் அவனுடைய நடையைக் கண்டார். அதற்காக இவரையும் முடித்தார்கள். விசயம் இவ்வளவுதான். மிச்சம் அவரைப் பற்றியது.

எனக்குக் கிளிநொச்சியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை. பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீட்டுக்கும் நான்தான், செத்த வீட்டுக்கும் நான்தான், நடுவில் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் நான்தான். எவர் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அதை நாலு குழாயில் ஊருக்குக் கேட்க வைப்பது என் தொழில். என் நடையைப் பற்றி என் மனைவிக்கு ஒரே அபிப்பிராயம்தான்: வயலுக்குள் இறங்கிய தாரா வாத்து. சார்ஜன் அதைக்கூட மரியாதையாகச் சொன்னார். "நீங்க பூமிய நம்பி நடக்கிறீங்க மைக்காரரே. இந்த ஊர்ல அப்படி நடக்கிறவங்க கம்மி."

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இனக்கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு இறங்கிய குடும்பம் அவருடையது. இரணைமடுவுக்குக் கீழே ஒரு குடியிருப்பில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு பொலிஸில் சேர்ந்தார். அவரை எட்ட வைப்பதற்கு எங்கள் ஆட்களுக்கு ஒரு காரணம் போதும். அவரிடம் இரண்டு இருந்தன. காக்கிச் சட்டை ஒன்று, "வாங்க போங்க" என்ற பேச்சு மற்றது. ஆனால் என் கடையில் தேத்தண்ணி குடிக்கிற எவரும் எனக்குச் சொந்தக்காரர்தான்.

ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிள்களை மறிப்பது அவருடைய வேலை. மற்றப் பொலிஸ்காரர் லைசென்ஸ் கேட்பார்கள். இவர் முதலில், "இறங்குங்க. ஸ்டான்டைப் போடுங்க. கொஞ்சம் நடந்து காட்டுங்க," என்பார். குடித்தவன் இரண்டாம் அடியில் பிடிபடுவான். வேறொருவனின் சைக்கிளைக் களவெடுத்து வந்தவன் ஏனோ நாலாம் அடியில் பிடிபடுவான்.

ஒருமுறை வங்கியில் வேலை செய்யும் ஒருவர் கோபித்துக்கொண்டார். "என்ன சேர் இது? பொம்பிளை பாக்க வந்த இடமே, நடந்து காட்ட?"

"பொம்பள பாக்கிறதா இருந்தா நான் ஏன் உங்கள நடக்கச் சொல்றேன்?" என்றார் சார்ஜன், அவருடைய சப்பாத்தைப் பார்த்தபடி. "வலப்பக்கம் உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல. கல்லு வர்றது தெரியாம காலு தடுமாறுது. டாக்டரப் பாருங்க. அதுவரைக்கும் பஸ்ஸுல போங்க."

வங்கிக்காரர் ஏசிக்கொண்டு போனார். பிறகு அவருடைய வலது கண்ணில் சத்திர சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் சந்தியில் இறங்கிச் சார்ஜனுக்குத் தானாகவே நடந்து காட்டிவிட்டுப் போவார்.

எனக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. மனிதரை ஒருமுறையாவது ஏமாற்ற வேண்டும். ஒரு முகில்கூட இல்லாத மத்தியானத்தில் மழைக்கோட்டும் முழு ஹெல்மெட்டும் போட்டு, கையில் ஒரு தடியும் பிடித்து, நொண்டுவது இயல்பாக வரட்டும் என்று செருப்புக்குள் ஒரு கல்லையும் வைத்துக்கொண்டு சந்தியைக் கடந்தேன். வேர்வையில் கோட்டுக்குள் அவிந்துகொண்டிருந்தேன். சார்ஜன் பஸ் ஒன்றுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். முழுதாகத் திரும்பவுமில்லை.

"மைக்காரரே, இடது செருப்புல கல்லு இருக்கு. எடுத்துடுங்க. புண்ணாயிடும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புண் ஆறக் கொஞ்ச நாள் எடுத்தது.

அவரைப் பார்த்து எனக்கு முதலில் மயிர் கூச்செறிந்தது வற்றாப்பளை அம்மன் கோயிலில். வைகாசிப் பொங்கல். நான் ஒலிபெருக்கிக்கு, அவர் காவலுக்கு. பொழுது சாய்கிற நேரம் தாயைத் தொலைத்த ஒரு சிறுமியைக் கொண்டுவந்து என்னிடம் விட்டார்கள். அழுகையில் அவளுக்குப் பெயரும் வரவில்லை. நான் மைக்கை எடுப்பதற்குள் சார்ஜன், "இருங்க," என்று சொல்லிப் பிள்ளையைப் பந்தலுக்குள் ஒரு சுற்று நடத்திப் பார்த்தார். பிறகு சனத்துக்குள் போனார். போன வேகத்தில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாய்தான்.

"எப்பிடிச் சேர்?"

"ரெண்டு பேரும் இடது குதிகால ஒரே மாதிரி இழுக்கிறாங்க."

பிறகு மணலில் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்தபடி நின்றார். கற்பூரப் புகை முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவருடைய உதடு அசைந்தது.

"என்ன எண்ணுறியளோ?"

"இல்லங்க. சின்ன வயசுல பாத்தவங்கல்லாம் போறாங்க. சண்டையில செத்துப் போனவங்க. அந்தா, எங்க குடியிருப்புல விறகு கொண்டுவர்ற அண்ணன் போறாரு. முகம் மட்டும் வேற. மகனா இருக்கும்." மணலைக் காட்டி, "இங்க போறவங்கள்ல பாதிப் பேரு செத்தவங்க நடையிலதாங்க போறாங்க," என்றார்.

அன்று வீடு வந்து சேரும் வரைக்கும் நான் என் காலைக் குனிந்து பார்க்கவில்லை. அது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கதையை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் அண்ணன் சண்டையின் கடைசியில் காணாமல் போனவன். அம்மா அவனைப் பற்றி இறந்தகாலத்தில் கதைப்பதில்லை. ஒருநாள் சார்ஜன் கடையில் இருக்கும்போது பின்வளவில் இருந்து வந்தார்.

"தம்பி, நீங்கள் எல்லாற்ற நடையும் பாக்கிறனீங்கள் எண்டு இவன் சொல்லுறான்."

"ஆமாங்க அம்மா."

"என்ர மூத்தவன் இவனை மாதிரித்தான் நடப்பான். ஒரே அச்சு. இவன் வடிவில்லாமல் நடப்பான், அவன் வடிவா நடப்பான். அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எழும்படா. அண்ணா மாதிரி நட பாப்பம்."

"அம்மா, எனக்கு நாப்பத்திரண்டு வயசு."

"அவனுக்கு நாப்பத்தஞ்சு. நட."

கிணற்றடியிலிருந்து தேசிமரம் வரை நடந்தேன். "வயித்தை எக்கு. அவனுக்கு வயிறில்லை." எக்கினேன். "கையை வீசு. அவ்வளவு வீசாதை, அவன் என்ன ஆமிக்காரனே?" குறைத்தேன். நான் போகவும் வரவும், அம்மா திருத்தத் திருத்த, கடைசியில் ஒரு முறை திரும்பியபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஒரு நடை எனக்கு எப்படி வந்தது என்று தெரியாது. பிறகு எத்தனையோ தரம் முயன்றும் வரவில்லை.

சார்ஜன் சிரிக்கவில்லை. "மனசுல வச்சிக்கிட்டேன் அம்மா," என்றார்.

அதற்குப் பிறகு நான் சந்தியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய தலை சட்டென்று நிமிரும். கண் ஒரு கணம் வெளிக்கும். நான்தான் என்று தெரிந்ததும் அணைந்துவிடும். என்னைக் கண்டு அப்படி நொந்துபோன மனிதர் என் கடன்காரர்களுக்குள்கூட இல்லை.

இனி அந்தக் கூட்டம்.

வேட்பாளர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஆற்று மணலை டிப்பரில் ஏற்றிப் போகிறவர்களைப் பற்றிப் பேசியதால் சுட்டார்கள் என்றொரு கதை. கட்சிக்குள்ளேயே ஆள் வைத்துச் செய்தார்கள் என்று இன்னொரு கதை. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது, அன்று பின்னேரம் வீதியோரத் திடலில் என் மைக்குக்கு முன்னால் அவர் நின்றது. ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். முழு ஹெல்மெட். பின்னால் இருந்தவன் இறங்கி மேடையடிக்கு நடந்து வந்தான், சுட்டான், ஆறுதலாகத் திரும்பி நடந்து போய் ஏறினான்.

நான் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? அம்பிளிபயருக்குப் பின்னால் ஒளிந்தேன். அது ஒரு சூட்கேஸ் அளவு. நான் ஒரு அலுமாரி அளவு. அதன் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றையும் நான் காணவில்லை. ஆனால் கேட்டது. மைக் அவரோடு சேர்ந்து விழுந்து அவருடைய வாய்க்குக் கிட்டக் கிடந்தது. அந்த மனிதர் மூச்சு எடுக்கிறதும் விடுகிறதும் நாலு குழாயிலும் ஊர் முழுக்கக் கேட்டது. வயலில் நின்றவர்கள்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்களாம். சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் நிறுத்தினால் அவர் நின்றுவிடுவார் போலிருந்தது. கடைசியில் அது தானாக நின்றது.

சார்ஜன் அப்போது வீதியில் வாகனம் மறித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு விசில் மட்டும். அடுத்த நாள் கடைக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார்.

"அவன் ஓடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. ஓடுறப்ப எல்லாரும் ஒண்ணுதான். இவன் நடந்துட்டான்."

"சேர், நீங்கள் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லுங்கோ. நானும் அப்பிடித்தான் சொன்னனான். என்ர விசயத்தில அது உண்மை, அது வேற."

"பாத்துட்டேனேங்க," என்றார், ஏதோ நோய் தொற்றிவிட்டதைச் சொல்கிறவர் போல.

நீதவான் கேட்டபோது திறந்த மன்றில், அவ்வளவு சனத்துக்கும் நடுவில் சொன்னார்: முகம் தெரியாது, நடை தெரியும், திரும்பக் கண்டால் காட்டுவேன். கண்டதையே மறந்துபோக ஆட்கள் பழகிய ஊரில் ஒரு பொலிஸ்காரர் இப்படிச் சொல்லுவாரா? எப்படி நடந்தான் என்று நீதவான் கேட்டதற்கு மட்டும், அதைச் சொன்னால் அவன் மாற்றிக்கொள்வான் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அந்தக் கிழமையே ஊரின் நடை கெட்டுப்போயிற்று. சார்ஜன் சந்தியில் நின்றால் தூரத்திலேயே ஆட்கள் சைக்கிளில் ஏறிவிடுவார்கள். சைக்கிள் இல்லாதவர்கள் ஓட்டோ பிடித்தார்கள். சந்தைக்குப் போகிற கிழவிமார்கூட அவருக்கு முன்னால் வந்ததும் நின்று, அவர் திரும்பும் வரை காத்திருந்து, பிறகு கடந்தார்கள். ஒரு பிழையும் செய்யாத மனிதர்கள் தங்கள் நடையைச் சேலைக்குள்ளும் சாரத்துக்குள்ளும் ஒளித்துக்கொண்டு திரிந்தார்கள். நாள் முழுக்க அந்த மனிதருக்கு முன்னால் யாருமே நடக்கவில்லை. வெயிலில் தனியே நின்றார். நான் மட்டும் வேண்டுமென்றே இரண்டு முறை குறுக்கே போய்வருவேன், அவருக்குப் பொழுது போக.

பிறகு இரண்டு பேரைப் பிடித்தார்கள். அடையாள அணிவகுப்பு என்றார்கள். சந்தேக நபர்களை அதே உயரமான வேறு ஆட்களோடு கலந்து நிறுத்தி, சாட்சியை விட்டுக் காட்டச் சொல்வது. அந்த வேறு ஆட்களை எங்கே எடுப்பார்கள் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. பஸ் நிலையத்தில் எடுப்பார்கள். நான் அங்கே கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"நீர் வாரும்," என்றார் ஒரு பொலிஸ்காரர்.

"ஐயா, நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. உம்மட உயரம் சரியா இருக்கு."

வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அரச அலுவலகத்துக்கு என் தோற்றம் தேவைப்பட்டது. நீதிமன்றத்துக்குப் பின்னால், தகரம் அடித்து மறைத்த ஒரு வளவு. வரிசையில் நின்றோம். சார்ஜன் சாட்சியாக வந்தார். எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நீதவானிடம் சொன்னார்: "இவங்க நிக்க வேணாங்க ஐயா. நடக்கச் சொல்லுங்க." சட்டத்தரணி எதிர்த்தார். நீதவான் கொஞ்சம் யோசித்துவிட்டு, நடக்கட்டும் என்றார்.

ஒவ்வொருவராகப் பலாமரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். என் முறை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நடக்கத் தெரியாமல் போய்விட்டது. இடது காலைத் தூக்கினால் இடது கையும் கூடவே எழும்பியது. சுட்டவன் நான்தானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு முன்னால் போனவர்களும் அப்படித்தான். ஒருவன் மெதுவாக மிதித்தான், ஒருவன் அணிவகுப்புப் போல மிதித்தான். யாருமே தங்கள் நடையில் நடக்கவில்லை.

சார்ஜன் பார்த்துக்கொண்டு வந்தவர் நடுவில் ஒருமுறை எங்களை விட்டுவிட்டார். அவருடைய கண் தகரத்தின் அடிக்குப் போனது. தகரம் நிலத்தைத் தொடவில்லை; கீழே ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் அந்தப் பக்கத்துப் பாதையில் போகிறவர்களின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை போய் முடியும் வரை பார்த்தார். அவருடைய முகம் அவித்த மரவள்ளியின் நிறத்துக்கு வந்தது. நீதவானிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "வரிசையில இல்லங்க ஐயா," என்றார்.

வெளியே வரும்போது என்னோடு சேர்ந்து வந்தார்.

"அந்த நடை தகரத்துக்கு அந்தப் பக்கம் போச்சுங்க."

"ஆர் சேர்?"

"போய் முகத்தையும் பாத்தேன்." அந்த மனிதர் ஒரு முகத்தைப் பார்த்ததாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவரும் நின்னு என்னப் பாத்தாரு. சிரிச்சாரு."

'அவன்' 'அவர்' ஆகியிருந்ததை நான் கவனித்தேன். "பெரிய இடமோ?"

"உங்களுக்குச் சொல்ல மாட்டேன் மைக்காரரே. தெரிஞ்சா உங்க நடை மாறிடும். பாக்கிறவங்களுக்கு அது போதும். அடுத்த வழக்குத் தவணையில நீதவான்கிட்ட மட்டும் சொல்றேன்."

"இண்டைக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கோவன்."

"ஒரு தடவ பாத்தத வச்சு ஒரு மனுசனக் காட்ட முடியுங்களா? பாதம் மட்டும்தானே தெரிஞ்சிச்சு. இன்னொரு தடவ முழுசா நடக்கிறதப் பாக்கணும்."

அப்படியான மனிதர். வங்கிக்காரரின் கண்ணைச் சொல்ல நாலு அடி போதுமாயிருந்தது. ஒருவனைக் கொலைகாரன் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் நடை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் நடப்பதை நான் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை பார்த்ததேயில்லை, அவர் எப்போதும் நிற்கிறவர். நிறைகுடம் தூக்கியவர் போலத் தோளை அசைக்காமல் நடப்பார். தவணை கிட்டக் கிட்ட அந்தக் குடம் தளும்பத் தொடங்கியது.

தவணைக்கு முன்னம், காலையில் வேலைக்கு வரும் வழியில், இரணைமடு வாய்க்கால் கரையில் சுடப்பட்டுக் கிடந்தார். கொஞ்சம் எட்ட வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஒருவர் பிறகு என் கடையில் இருந்து சொன்னார்:

"ஆரும் மறிச்ச மாதிரித் தெரியேல்லை. தானாத்தான் சைக்கிளை நிப்பாட்டினார். ஸ்டான்டைப் போட்டார். ஹெல்மெட்டைக் கழட்டிக் கண்ணாடியில கொழுவினார். ஆரோ கரையால நடந்து வாறதைப் பாத்துக்கொண்டு நிண்டார்."

"வந்தது ஆர்?"

"பத்தைக்காடு மறைச்சுப் போட்டுது. இவரைத்தான் கண்டனான். ஓடியிருக்கலாம். நேரம் இருந்தது. கடைசி மட்டும் நிண்டு பாத்தார்."

முழுசா நடக்கிறதைப் பார்க்க வேணும் என்று சொன்னவர். வந்தவன் நடந்து காட்டியிருக்கிறான்.

செத்த வீட்டுக்கு என் ஒலிபெருக்கிதான். அவருடைய குடியிருப்பில், சின்ன வீட்டுக்கு முன்னால் பந்தல். தேவாரம் போட்டுவிட்டு மூலையில் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்தேன். தப்பு மேளம் அடித்தார்கள். பொலிஸார் மலர்வளையம் வைத்தார்கள். பிறகு ஊர் வந்தது.

பந்தல் வாசலிலிருந்து பெட்டி கொஞ்சத் தூரம். நடந்துதான் வர வேண்டும், பெட்டியைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சனம் வந்த வருகையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லாரும் நடையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் காலை இழுத்தார். ஒருவர் குதிகாலை ஊன்றாமல் வந்தார். வங்கிக்காரர் குருடனைப் போல வந்தார். பெண்கள் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே உடம்பாக அசைந்தார்கள். பெட்டிக்குள் அவருடைய கண் மூடியிருந்தது. மூக்கில் பஞ்சு இருந்தது. இருந்தும் பெட்டியடியில் வந்ததும் ஒவ்வொரு காலும் தடுமாறியது. நானும் பூப்போடப் போனேன். தாராகூட அப்படி நடக்காது.

ஒருவர் மட்டும் சாதாரணமாக நடந்து வந்தார். வெள்ளைச் சேட்டு, வயது ஐம்பது மட்டில், பொலிஸ் பெரியவர்கள் எழும்பிக் கதிரை கொடுக்கிற ஆள். வலது காலைத் தூக்கி, வைக்கும் முன் ஒரு கணம் காற்றில் நிறுத்தி, நிலத்திடம் ஏதோ கேட்டுவிட்டு வைப்பது போல வைத்தார். மிதிவெடி கிடந்த நிலத்தில் நடந்து பழகியவர்கள் அப்படி நடப்பார்கள். இந்த மண்ணில் எல்லாப் பக்கத்திலும் அப்படியான ஆட்கள் இருந்தார்கள். அவ்வளவு சனத்துக்குள் அவருக்கு மட்டும் தன் நடையை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியை ஆறுதலாகச் சுற்றினார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, சத்தம் அங்கால காணாது. கொஞ்சம் கூட்டி விடுங்கோ."

கூட்டினேன்.

"அண்டைக்குக் கோர்ட்டுக்குப் பின்னால நடந்து காட்டினது நீங்கள்தானே? தகர இடைவெளிக்குள்ளால பாத்தனான்." சிரித்தார். "நல்ல பகிடியான ஆள் நீங்கள்."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. "ஓம் சேர்," என்றேன். அவர் போய்ப் பந்தலின் முன்வரிசையில் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சார்ஜனின் மனைவி எழும்பி என்னிடம் வந்தாள். கண் வற்றியிருந்தது. தேவாரச் சத்தத்துக்குள் என் காதருகில் குனிந்தாள்.

"அண்ணே, அவரு உங்ககிட்ட யாருன்னு சொன்னாரா?"

"இல்லைத் தங்கச்சி. சத்தியமா இல்லை."

"என்கிட்டயும் சொல்லல. ஆனா கூட்டத்தில சுட்ட அன்னிக்கி ராத்திரி, எப்படி நடந்தான்னு கேட்டேன். வீட்டுக்குள்ள நடந்து காட்டினாரு. இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும். வலது காலத் தூக்கி, அப்படியே நிறுத்தி நிறுத்தி." அவளுடைய கை என் கதிரையின் விளிம்பைப் பிடித்தது. "என் புருசன் மாதிரியே இல்ல அண்ணே. வேற யாரோ வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருந்திச்சு. போதும் நிறுத்துங்கன்னு கத்தினேன். அந்த ஆள இன்னிக்கு நான் பாத்துட்டேன்."

தேவாரத்தின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

"தவணைக்கு அவருக்குப் பதிலா நான் போகப் போறேன். அந்த ஆள நடக்கச் சொல்லி நீதவான்கிட்ட கேக்கப் போறேன்." வாசலைப் பார்த்தாள். "பஸ்ஸ விட்டு இறங்கி அவ்வளவு தூரம் தனியா நடக்கத்தான் பயமா இருக்கு. நீங்க கூட வர்றீங்களா?"

அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். வெள்ளைச் சேட்டுக்காரர் கதிரையில் சாய்ந்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்கு வரட்டும், தங்கச்சி?" என்று கேட்டேன்.